கைவிடுதலும் ஒப்படைத்தலும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் செய்தியைக் கேட்டாலும் அதிலுள்ள சொற்களின் மீதே முதலில் மனம் செல்லும். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இரண்டு சொற்களே காரணம். ஈன்றவரைப் பிரிந்து பிறரிடம் வளர வேண்டிய குழந்தைகளை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மூவகையாகப் பிரிக்கின்றது. பெற்றோரை இழந்தவை ஒரு வகை. கைவிடப்பட்டவை இன்னொரு வகை. மூன்றாவது வகைக்கு ஆங்கில மூலத்தில் வழங்கும் சொல், போரில் தோற்றவன் ஆயுதத்தைக் கீழே வைப்பதற்கும் வழங்கும் சொல்லாகும். இந்தியில் அதனை 'அப்யர்ப்பித்' என்று ஆக்கினர். அர்ப்பணம் என்னும் சொல்லின் உறவினது அது. தமிழில் 'ஒப்படைக்கப்பட்ட குழந்தை' என்கிறோம். தோல்வியும் அதில் இல்லை, தியாகமும் அதில் இல்லை. பொறுப்புள்ள ஒருவர் பொறுப்புள்ள இன்னொருவர் கையில் சேர்ப்பித்தார் என்பதே அதன் பொருள். மூன்று மொழிகளிலும் தமிழ்ச் சொல்லே சட்டத்தின் கருத்துக்கு அண்மையில் நிற்கிறது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

எதிர்பாராத கருப்பம் ஒன்று நேர்ந்து, பிறக்கப்போகும் குழந்தையை வளர்க்க இயலுமா என்ற கேள்வி எழும் வீட்டில், கைவிடுதலுக்கும் ஒப்படைத்தலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு உயிர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடியது. அவ்வேறுபாட்டை அறிந்தவர் நம்மவருள் மிகச் சிலரே. அறியாமைக்குக் காரணம் வேறொன்றுமில்லை. இதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை.

மோதி பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியர்க்கென எழுந்த குடியிருப்புகள் நிறைந்த பகுதி இது. தமிழர் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வந்துள்ளனர். பிள்ளைகள் படிக்கத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. முருகனை வழிபட அருகிலுள்ள ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது. காய்ச்சல், தலைவலி என்றால் அரசு ஊழியர் மருந்தகம் இருக்கிறது. அந்த மருந்தகத்தில் யார் எந்த மருத்துவரின் அறைக்கு வெளியே அமர்ந்திருந்தார் என்பது மாலைக்குள் நான்கு வீடுகளுக்குத் தெரிந்துவிடும். ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவர்க்கு இந்த நெருக்கம் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஓடி வருபவர் அடுத்த வீட்டு மாமாதான். ஆயினும், வெளியில் சொல்ல இயலாத செய்தி ஒன்று ஒரு வீட்டில் நேரும்போது, அதே நெருக்கத்துக்கு அஞ்சித்தான் அவ்வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர்.

இருபத்தொரு வயது மகள் ஒருத்தி உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கிறாள். தந்தை ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். மணமாகாத மகள் கருவுற்றிருப்பது ஐந்தாம் மாதம் பிறந்த பிறகே தாய்க்குத் தெரிகிறது. தந்தைக்குத் தெரிய மேலும் ஒரு வாரம் ஆகிறது. அன்றிரவு அங்கு நிகழும் பேச்சை ஊகிப்பது கடினமன்று. ஊருக்கு அனுப்பிப் பெரியம்மா வீட்டில் வைத்துவிடலாம் என்பார் ஒருவர். பிரசவமான அன்றே குழந்தையைப் பெற்றுக்கொள்ள ஆள் இருக்கிறார்களாம், மருத்துவச் செலவையும் அவர்களே ஏற்பார்களாம் என்று யாரோ சொன்னதை இன்னொருவர் சொல்வார். கோயில் வாசலில் விட்டால் எவரேனும் எடுத்து வளர்க்க மாட்டார்களா என்று பாட்டி முனகுவாள். இவ்வளவு பேச்சுக்கும் நடுவே அந்தப் பெண்ணை எவரும் ஒரு சொல் கேட்பதில்லை.

மணமாகாத பெண்களுக்கே இந்தச் சங்கடம் நேரும் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு குழந்தைகளுடன் இல்லறம் நடத்தும் பெண்ணுக்கும் இது நேர்கிறது. அதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. சற்றுப் பின்னர் அதற்கு வருவோம்.

முதலில் காலக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதன்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். அந்த இருபத்துநான்கு வார வரம்பு மணமாகாத பெண்களுக்கும் உரியதே என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவனோ தந்தையோ கையெழுத்திடத் தேவையில்லை. இருபத்துநான்கு வாரங்களுக்கு மேல், கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கூறினாலோ, தாயின் உயிரைக் காக்க உடனடியாக வேண்டியிருந்தாலோ அன்றி வழியில்லை. எனவே அஞ்சியும் மறைத்தும் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு பெண்ணுக்கு உள்ள வழிகளைக் குறைக்கின்றது. பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுமியாயின் நிலைமை வேறு. அங்கே போக்சோ சட்டம் குறுக்கிடும்; மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

வரம்பு கடந்துவிட்டால் என்ன செய்வது? 2023-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்குகளுள் இரண்டைச் சொல்லலாம். இருமுறையும் மருத்துவ அறிக்கை தந்தது, மோதி பாக்கிலிருந்து வட்டச் சாலை வழியே சற்றுத் தொலைவில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையே.

முதல் வழக்கு மணமாகாத பொறியியல் மாணவி ஒருவருடையது. அவர் நீதிமன்றத்தை அணுகியபோது ஏறத்தாழ இருபத்தொன்பது வாரங்கள் ஆகியிருந்தன. அந்நிலையில் கருவைக் கலைப்பது குழந்தையை உயிருடன் பிறக்கச் செய்வதற்கு ஒப்பாகும் என்பதனால், அவர் எய்ம்ஸில் பிரசவிக்கலாம் என்றும், குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் பதிவு பெற்ற தம்பதியரிடம் சேர்க்கலாம் என்றும் 2023 பிப்ரவரி 2 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண்ணிடம் கட்டணம் பெறலாகாது, அவருடைய அடையாளம் வெளிவரலாகாது என்றும் பணித்தது. பத்திரிகைகள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. படித்தவர் சிலர், பிரசவத்துக்கு முன்பே வளர்ப்புப் பெற்றோரை ஏற்பாடு செய்துகொள்வதுதான் முறை போலும் என்று புரிந்துகொண்டனர். அது முறையன்று. உச்ச நீதிமன்றம் தனக்கே உரிய சிறப்பதிகாரத்தைக் கொண்டு ஒரே ஒரு வழக்கில் செய்த ஏற்பாடு அது. மற்றவர் யாவர்க்கும் குழந்தை பிறந்த பின்னரே இந்த நடவடிக்கை தொடங்கும்.

இரண்டாவது வழக்குத்தான் முன்னர்ச் சொன்ன சான்று. மணமான இருபத்தேழு வயதுப் பெண். இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்து வந்தமையால் மாதவிலக்கு வரவில்லை. ஆகவே மூன்றாவதாகக் கருவுற்றதே அவருக்குத் தெரியவில்லை. பால் கொடுக்கும் வரையில் கருத்தரிக்காது என்பது நம் வீடுகளிலும் வழங்கும் நம்பிக்கை. முதல் ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் தவிர வேறெதுவும் குழந்தைக்குக் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே அதனை ஓரளவு நம்பலாம் என்பர் மருத்துவர். அப்பெண் முந்தைய பிரசவங்களுக்குப் பின் கடும் மனநோய்க்கு ஆளாகியிருந்தார். இரு நீதிபதிகள் முதலில் அனுமதி வழங்கினர். கரு உயிருடன் பிறக்கும் வாய்ப்பை எய்ம்ஸ் மருத்துவர் சுட்டிக்காட்டியபின் அவ்விருவரும் கருத்து வேறுபட்டனர். இறுதியாக மூன்று நீதிபதிகள் 2023 அக்டோபர் 16 அன்று அனுமதி மறுத்தனர். மருத்துவச் செலவை அரசே ஏற்கும் என்றும், குழந்தையைத் தத்துக் கொடுப்பதா வேண்டாமா என்பது முற்றிலும் பெற்றோரின் முடிவே என்றும் அத்தீர்ப்பில் கூறினர். அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேற்றுமை நிறைய உண்டு, நமக்கும் உண்டு. எனினும் அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. முடிவு பெற்றோருடையது. அரசு அவர்களைத் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இனி, நாம் தொடங்கிய சொற்களுக்குத் திரும்புவோம்.

கைவிடுதல் நம் கதைகளுக்குப் புதியதன்று. குந்தி தன் முதற் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள். அரண்மனையில் தோழியர்க்குக் குறைவில்லை. சொல்லி அழ ஒருவரும் இல்லை. தேரோட்டியின் மனைவி ராதை அக்குழந்தையை எடுத்து வளர்த்தாள்; பின்னாளில் உலகம் அவனை ராதேயன் என்று அவள் பெயராலேயே அழைத்தது. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த குழந்தைகள் பிறந்த இடத்திலேயே விடப்பட்டு வேற்று இல்லங்களில் வளர்ந்தனர் என்றும், ஔவை அவர்களுள் ஒருத்தி என்றும் வழங்கும் கதையை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தையை ஊர் இன்றும் ஆண்டாள் என்று தொழுகிறது. எடுத்து வளர்த்தவரைப் போற்றுவதில் நம் மரபு குறை வைக்கவில்லை. விட்டுச் சென்ற தாய் ஏன் விட்டாள், பின்னர் அவள் என்ன ஆனாள் என்று கேட்பதில்தான் அது அதிக அக்கறை காட்டவில்லை.

தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பலர் அறிவீர்கள். பெண் சிசுக் கொலையைத் தடுக்க எழுந்த திட்டம் அது. கொல்வதை விட இந்தத் தொட்டிலில் இடுங்கள் என்று அரசே தாய்மாரை வேண்டிக்கொண்டது. தில்லியிலும் குத்ஸியா பாக்கில், தில்லிக் குழந்தைகள் நல மன்றம் நடத்தும் 'பால்னா' இல்லத்தின் வாயிலில் ஒரு தொட்டில் வைக்கப்பட்டது. பால்னா என்றாலே தொட்டில்தான். இத்தகைய தொட்டில்கள் உயிர்களைக் காத்துள்ளன. அதற்காக அவற்றை வணங்கலாம். ஆயினும் தொட்டிலில் இட்டு விரைந்து நடக்கும் தாய் தன்னைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ ஒரு சொல்லும் விட்டுச் செல்வதில்லை. அவளுக்குப் பிரசவத்துக்குப் பின் மருத்துவம் இல்லை. மறுநாள் மனம் மாறினாலும் திரும்பி வர அவளுக்குத் துணிவு வருவதில்லை. குப்பைமேட்டிலோ பேருந்து நிலையத்திலோ விடுவது அதனினும் கொடிது, அது குற்றமுமாகும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கைவிடும் எண்ணத்துடன் விட்டுச் செல்லும் பெற்றோருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதே வேளையில், தம் சக்திக்கு மீறிய சூழ்நிலையில் கைவிட்டவரைத் தண்டிக்கலாகாது என்று சிறார் நீதிச் சட்டம் இரக்கமும் காட்டுகின்றது.

ஒப்படைத்தல் இவ்வாறன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக்குழு ஒன்று அமைய வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர்; ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். உடல், உள்ளம், சமூகம் ஆகியவை சார்ந்த காரணங்களால் குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர் அக்குழுவின் முன் குழந்தையுடன் வரலாம். குழு விசாரிக்கும், ஆலோசனை கூறும், குழந்தையை வைத்துக்கொள்ளவே வழியிருந்தால் அதனை எடுத்துச் சொல்லும். அதன் பின்னரும் அவர்கள் மனம் அதுவேயாயின் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். அத்துடன் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். முடிவை மாற்றிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. அதுவரை குழந்தை சிறப்புத் தத்து நிறுவனத்தில் இருக்கும். குழு இசைந்தால் மேற்பார்வையின் கீழ்ப் பெற்றோரிடமே இருக்கவும் கூடும். அறுபதாம் நாளிலும் தாய் வந்து, என் குழந்தையைக் கொடுங்கள் என்று கேட்கலாம். அவகாசம் கழிந்தபின், குழுவின் உறுப்பினர் மூவரேனும் கூடி, குழந்தை தத்துக்கு உரியது என அறிவிப்பர். பின்னர் மாவட்ட ஆட்சியரின் ஆணையுடன் அது வேறு வீட்டுக் குழந்தையாகும். முன்னர் நீதிமன்றம் வழங்கிய இந்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் ஆட்சியர் வழங்கி வருகின்றனர்.

கையெழுத்து யாருடையது என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. மணமான தம்பதியரின் குழந்தையாயின் இருவரும் கையெழுத்திட வேண்டும். மணமாகாத தாயாயின் அவள் ஒருத்தியின் கையெழுத்துப் போதும். அவளுடைய தந்தையோ தமையனோ அவளுக்காகக் கையெழுத்திட முடியாது. இதனை மோதி பாக் வீட்டுத் தந்தையர் சற்று நிதானமாக இருமுறை கேட்க வேண்டுகிறோம்.

இந்த இரண்டு மாதம் எங்கிருந்து வந்தது என்று அறிவது சுவையானது. 1984-இல் லக்ஷ்மிகாந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, அயல்நாட்டாருக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பது பற்றி நீதிபதி பகவதி ஒரு நீண்ட தீர்ப்பு எழுதினார். குழந்தை பிறக்குமுன்னும், பிறந்து மூன்று மாதத்துக்குள்ளும், தத்துக் கொடுக்கும் முடிவை எடுக்குமாறு ஈன்றவரைத் தூண்டவோ அனுமதிக்கவோ கூடாது என்று அதில் கூறினார். வயிற்றில் இருக்கும் குழந்தை வேறு, மடியில் கிடக்கும் குழந்தை வேறு என்பதை அந்த நீதிபதி உணர்ந்திருந்தார் எனலாம். 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும், தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகு பெறப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதனை 2003-இல் ஏற்றது. இங்கிலாந்தில் பிரசவமாகி ஆறு வாரம் கழியாமல் தாய் கொடுக்கும் சம்மதம் செல்லாது.

விரைவின் விளைவை அறிய ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு மணமாகாத தாய்மாரிடமிருந்து, குடும்ப மானம், குழந்தையின் நலம் என்று சொல்லியே, குழந்தைகளைப் பிரித்துத் தத்துக் கொடுத்தனர். பலர் குழந்தையின் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பெண்கள் முதுமை எய்திய பிறகு, 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தத்து என்னும் ஏற்பாட்டில் குற்றமில்லை. அப்பெண்களைக் கேளாமல் பிறர் முடிவெடுத்ததே குற்றம். அங்கே அதனைச் செய்தவர்களும் நல்ல எண்ணத்துடன்தான் செய்தனர். நம் பிரிவு அலுவலரின் வீட்டில் அன்றிரவு பேசியவர்களைப் போலவே.

அவ்வீட்டில் பேசிய ஏற்பாடுகளுள் மிகவும் ஆபத்தானது, செலவை ஏற்றுக் குழந்தையைப் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும் 'நல்ல மனிதர்கள்' பற்றியது. அது விற்பனை. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம்; மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை. பணம் கைமாறாவிடினும் முறைப்படியன்றித் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் தண்டனைக்குரியவையே. பிள்ளையில்லாத தம்பதியரின் கண்ணீரைக் காட்டி வருபவர்களும் உண்டு. அக்கண்ணீர் மெய்யாகவே இருக்கலாம். மத்திய தத்துவள ஆதார ஆணையத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருப்போர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர். 2024-25-இல் நாடு முழுவதும் அவ்வழியே தத்துச் சென்ற குழந்தைகளோ 4,515. அவர்களுக்கு வழி அந்தப் பதிவேடு. மருத்துவ விடுதியின் பின்கதவன்று. நம் குழந்தையை யார் ஏற்பார்கள் என்று கலங்கும் தாய்க்கும் இக்கணக்கு ஆறுதல் தரக்கூடும். பெண் குழந்தையாயின் யார் விரும்புவார் என்ற அச்சமும் வேண்டுவதில்லை. தத்துச் செல்பவருள் பெண் குழந்தைகளே மிகுதி.

உறவுக்குள் கொடுப்பது நம்மவர்க்கு இயல்பானது. மூன்றாவதாகப் பிறந்த குழந்தையைப் பிள்ளையில்லாத அக்காவுக்குக் கொடுத்த கதை எந்தக் குடும்பத்தில்தான் இல்லை! 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. கொடுப்பதற்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும், பணம் வாங்கக்கூடாது, முறைப்படி நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது. பத்திரம் எழுதிப் பதிவு செய்தல் மிக நன்று. வாய்ப்பேச்சாகக் கொடுத்துவிட்டுப் பள்ளியில் சேர்க்கும்போதும் சொத்துப் பிரியும்போதும் அல்லற்படுபவர் பலர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சிறார் நீதிச் சட்டத்தின் வழியே செல்ல வேண்டும்.

உறவுக்குள் கொடுப்பதில் சட்டத்துக்கு அப்பாற்பட்ட இடர் ஒன்றும் இருக்கிறது. ஈன்றவள் சித்தி என்ற பெயரில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்குழந்தையின் எதிரில் நிற்க வேண்டும். சிலரால் அது முடிகிறது. சிலர்க்கு அது ஆறாத புண்ணாகிறது. கொடுக்குமுன் அவளையே கேட்பது தவிர இதற்கு விதி ஒன்றும் நாம் கூறுவதற்கில்லை.

தத்தைப் பற்றி எண்ணத் தொடங்கிய பெண், குழந்தையைத் தானே வளர்ப்பதைப் பற்றியும் எண்ண உரிமையுடையவள். அந்த வழி அடைபட்டுவிட்டதாகப் பெற்றோர் அவளிடம் சொல்வது சரியன்று. தில்லியிலிருந்தே எழுந்த ஒரு வழக்கில், மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவனுக்கு அறிவிப்பு அனுப்பாமலும் தன் குழந்தைக்குப் பாதுகாவலராகலாம் என்றும், அவளுடைய உறுதிமொழிப் பத்திரத்தைக் கொண்டே பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6 அன்று கூறியது. பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, பள்ளியில் சேர்க்க முடியாது என்று பயமுறுத்துவோர்க்கு இதுவே மறுமொழி. ஊர் என்ன சொல்லும் என்பதற்குத் தீர்ப்பு எதுவும் மறுமொழியாகாது, உண்மைதான். ஆனால் ஊர் என்பது நாம் விட்டுவந்த கிராமமன்று. இந்தக் குடியிருப்பில் எதிர்வீட்டிலும் மாடிவீட்டிலும் இருக்கும் நாமே அந்த ஊர்.

நம்மவர்க்கு இன்னும் ஓர் இடையூறு மொழி. சப்தர்ஜங் மருத்துவமனையில் பிரசவித்த தமிழ்ப் பெண் ஒருத்தி, அண்மையில் ஊரிலிருந்து வந்தவளாயின், செவிலியர் கேட்பது பாதி புரியும்; குழுவின் முன் வைக்கப்படும் தாள் ஒன்றும் புரியாது. புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் அவள் கையெழுத்திட வேண்டாம். தமிழில் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கத் தயங்கவும் வேண்டாம். தில்லியில் தமிழறிந்தவர்க்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர்களிலேயே பலர் ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்க இசைவர் என்று நாம் அறிவோம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ அழைக்கலாம். குழந்தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டு அறிவதற்குக் காலம் நேரம் இல்லை. முடிவுக்குத்தான் அவகாசம் வேண்டும். ஒப்படைக்கும் தாயின் அடையாளத்தை வெளியிடுவது சட்டத்துக்கு மாறானது. மருந்தக வரிசையில் பரவும் செய்தி போல இது பரவாது.

ஒப்படைத்த குழந்தை வளர்ந்து பதினெட்டு வயதானபின் தன் வேர்களைத் தேட விண்ணப்பிக்கலாம். தன்னை வெளிப்படுத்த விரும்பாத தாயின் சம்மதமின்றி அவள் பெயர் தரப்படமாட்டாது. பெயர் தராவிடினும் வேறு பல செய்திகளை அவள் விட்டுச் செல்ல முடியும். குழுவினர் விசாரிக்கும்போது, குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டா, இதய நோய் உண்டா, கருப்பக் காலத்தில் என்ன மருந்துகள் உட்கொண்டாள் என்பவற்றைச் சொல்லலாம். அவை பிற்காலத்தில் ஒரு மருத்துவருக்குப் பயன்படும். ஏன் ஒப்படைத்தாள் என்பதைத் தன் சொற்களில் இரண்டு வரி கூறலாம். எந்த மொழி பேசும் வீட்டில் பிறந்தது என்று கேட்டால், தமிழ் என்று எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.